ஆஸ்திரேலிய மரங்களில் போன்சாய்: நடவு, கவாத்து, வடிவம்

மரத்தைச் சிறு தொட்டியில் குறுக்கி வடிவமைக்கும் போன்சாய்க் கலையில் ஈடுபடுவோர் பின்பற்றும் நாட்காட்டி ஜப்பானிய மரங்களை வைத்து உருவானது. மேப்பிள் போன்றவை குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தம் தொடங்கி மொட்டுகள் பருக்கும் வேளையில் வேர்வெட்டையும் தொட்டி மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் அந்த வேளை ஆகஸ்டும் செப்டம்பரும் ஆகும். ஆனால் அந்நாட்டின் சொந்த மரங்களில் பெரும்பாலானவை எப்போதும் பச்சையாக இருப்பவை, அப்படி உறங்காதவை. அவை வெட்டுக்காயத்திலிருந்து மீள்வதற்கு மண்ணில் சூடும் மரத்தில் வளர்ச்சி வேகமும் வேண்டும். ஆகவே தைலமரம், பாங்சியா, அத்தி ஆகியவற்றின் வேரில் கை வைப்பதை அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரையான வெப்ப மாதங்களுக்கு ஒதுக்குவதே நல்லது. வெப்பம் 40 டிகிரியைத் தொடும் வாரங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். கான்பெரா, மெல்பர்ன் போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்போர் புது வேர் ஓடுவதற்கு அவகாசம் விட்டுச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம்.

முதல் மரமாக எதை எடுப்பது என்று கேட்பவருக்குத் தயங்காமல் போர்ட் ஜாக்சன் அத்தியைச் சொல்லலாம். சிட்னி துறைமுகத்தையொட்டிய மணற்பாறை இடுக்குகளில் வேரோடி நிற்கும் இம்மரம், நம் கோபுர இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் போலப் பழைய சுவர்களிலும் தானே முளைத்துவிடும். சுவரின் உரிமையாளரிடம் அனுமதி பெற்றுப் பெயர்த்தெடுத்த கன்று, ஏற்கெனவே முறுக்கேறிய அடிமரத்தோடு வந்து சேரும். தேசியப் பூங்காக்களிலும் பொது நிலங்களிலும் அவ்வாறு எடுப்பது கூடாது. கட்டையாக வெட்டி நட்டாலும் துளிர்க்கும் உயிர்ப்பு இதற்கு உண்டு; பாறையின் மீது வேர்களைத் தவழவிட்டு வளர்க்கும் வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது. வெட்டிய இடத்தில் வடியும் வெண்பாலை நீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். இலையைச் சிறிதாக்குவதற்கு, நன்றாக உரமேறிச் செழித்த மரத்தில் கோடைத் தொடக்கத்தில் காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கத்தரித்து நீக்கினால், அடுத்துத் துளிர்ப்பவை பெரும்பாலும் சிறுத்தே வரும். வாடிய மரத்திலும், வேர் வெட்டிய அதே பருவத்திலும் இதைச் செய்யலாகாது. மோர்ட்டன் பே அத்தி கம்பீரமான மரந்தான். எனினும் அதன் இலை மிகப் பெரியது என்பதால் சிறிய தொட்டியில் அளவுப் பொருத்தம் கைகூடுவது கடினம்.

மண் கலவையில் முதலில் பார்க்க வேண்டியது வடிகால். எரிமலைக் கல்லான ஸ்கோரியா அல்லது பியூமிஸைச் சலித்துத் தூசி நீக்கி, அதனுடன் மட்கிய பைன் பட்டைத் துண்டுகளைச் சேர்த்தால் பெரும்பாலான இனங்களுக்குப் போதும். உரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஆஸ்திரேலிய நிலப்பரப்பு மிகப் பழையது. அதன் மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. அந்த வறுமைக்கு ஈடாகப் பாங்சியா குடும்பத்து மரங்கள் மண்ணின் மேற்பரப்பருகே தூரிகை மயிர் போன்ற நுண்வேர்க் கொத்துகளை வளர்த்து, கிடைக்கும் சிறிதளவையும் உறிஞ்சிக்கொள்ளக் கற்றவை. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் இடும் சாதாரணக் கலப்பு உரத்தை இவற்றுக்கு இட்டால், உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாமல் இலை மஞ்சளித்துக் கருகத் தொடங்கும். உள்நாட்டுத் தாவரங்களுக்கென்று விற்கப்படும், மணிச்சத்து குறைந்த உரத்தையே பாங்சியாவுக்குச் சிறுகச் சிறுக இட வேண்டும். அத்திக்கு இந்தப் பத்தியம் கிடையாது. வளரும் பருவம் முழுவதும் தாராளமாக உரமிடலாம்.

நீர் விஷயத்தில் ஒவ்வொரு மரமும் ஒரு விதம். சதுப்பு நிலத்தில் வளரும் மெலலூக்கா வகைகளின் தொட்டியைக் கோடையில் 2 அல்லது 3 செ.மீ. நீருள்ள தட்டில் நிறுத்தி வைக்கலாம். கொசு முட்டையிடாதபடி நீரை மாற்றிக்கொண்டிருந்தால் போதும். லெப்டோஸ்பெர்மம் அவ்வளவு நீரில் நிற்க விரும்பாவிட்டாலும், ஒரே ஒரு பிற்பகல் மண் முழுக்கக் காய்ந்துபோனால் மன்னிக்காத மரம் அது. இலை பச்சையாகவே இருக்கும்போது உயிர் போயிருக்கும் என்பதால் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆரம்பகால ஐரோப்பியர் இதன் இலையைக் கொதிக்கவைத்துத் தேநீருக்குப் பதிலாகக் குடித்ததால் ஆங்கிலத்தில் இதற்குத் தேயிலை மரம் என்று பெயர் விழுந்தது. தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவில்லை.

கவாத்து செய்யுமுன், அந்த மரம் காட்டுத்தீக்குப் பின் எப்படி மீள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தைலமரங்களில் பலவற்றுக்குப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. சிலவற்றுக்கு மண்ணையொட்டி அடிமரம் கிழங்கைப் போலப் பருத்து, அதற்குள் மொட்டும் சேமிப்பும் காத்திருக்கும். தீ உச்சியை எரித்தால் இவை விழிக்கும். அந்த வேலையை இங்கே கத்தரி செய்கிறது. எனவே வேகமாக வளரும் பருவத்தில் அடிமரத்தைத் துணிந்து குறுக்கி வெட்டி, கொத்தாக எழும் துளிர்களில் தேவையானவற்றை மட்டும் விட்டுவைக்கலாம். 1770-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் பாங்ஸ் சிட்னியையொட்டிய பாட்டனி பேயில் சேகரித்த ரம்ப இலைப் பாங்சியாவும் இவ்வாறே மீளும் இனம். அதே இடத்தில் கிடைத்த ஊசியிலைப் பாங்சியாவோ தீயில் மடிந்து, விதையால் மட்டுமே மறுபிறவி எடுப்பது. அதன் இலையில்லாத பழங்கட்டையில் வெட்டினால் துளிர் வருமென்று நம்பியிருக்க முடியாது. லெப்டோஸ்பெர்மத்திலும் பச்சை இலை சிறிதாவது எஞ்சும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. நம் ஊர்த் தோட்டங்களில் சிவந்த புட்டித் தூரிகைப் பூவோடு தொங்கும் காலிஸ்டெமான் தாராளமாக வெட்டைத் தாங்கும். பூத்து முடிந்தவுடன் வெட்ட வேண்டும்.

வேரையும் கிளையையும் ஒரே நாளில் கடுமையாக வெட்டாமல், இடையில் சில வாரங்களாவது விட்டு, புதுத் துளிரைக் கண்ட பிறகே அடுத்த வேலைக்குச் செல்வது என் பரிந்துரை. முதல் முறை வேர் வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதிருப்பதும் அதே எச்சரிக்கையின்பாற்பட்டதே. சவுக்கில் வேரைக் கழுவி வெறுமையாக்கிவிடக் கூடாது. அதன் வேர்முண்டுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருகிறது. தமிழ்நாட்டுக் கடலோரத் தோப்புகளின் சவுக்கே ஆஸ்திரேலியாவின் வடகரைகளிலும் இயற்கையாக வளர்வது என்பதால், இந்த ஒரு மரத்தில் நம்மவர்க்குப் பழக்கம் கொஞ்சம் கைகொடுக்கும்.

வடிவத்துக்கு வருவோம். தைலமரக் கன்றைப் பைன்மரம் போல அடுக்கடுக்காகத் தட்டையாக்கிவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. முதிர்ந்த தைலமரம் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. நெடுந்தூரம் வெறும் தண்டு, பின்னர் மேல்நோக்கி எழுந்து நுனியில் தாழும் சில கிளைகள், அவற்றின் முனையில் மட்டும் தழைக்கொத்துகள், கொத்துகளுக்கிடையே வானம் என்பதுதான் அதன் உருவம். இந்த இடைவெளிகளை வைத்தே மரம் முதியதாகத் தோன்றுகிறது. கடலோரப் பாங்சியாவைக் காற்று ஒருபுறமாகச் சாய்த்த நிலையில் அமைக்கலாம். இலையின் வெண்ணிற அடிப்பக்கம் காற்றில் திரும்பியதுபோல் தெரிவது அதற்கு வாய்த்த அழகு. கான்பெராவின் தேசிய மரப்பூங்காவிலுள்ள போன்சாய், பென்ஜிங் (சீன முறைக் குறுமரக் கலை) தொகுப்பில் உள்நாட்டு மரங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. செல்ல வாய்ப்புள்ளவர் சென்று பார்க்கலாம். அதைவிடவும் காட்டில் நிற்கும் அதே இனத்தை நேரில் பார்த்து வரைந்துகொள்வது பயன் தரும்.

கிளையை வளைத்து நிறுத்த அதைச் சுற்றிக் கம்பி கட்டுவதற்கு அலுமினியக் கம்பியே போதும். தைலமரக் கிளை முற்றிவிட்டால் வளைக்கும்போது சட்டென்று ஒடியும் என்பதால், விரலால் வளைக்க இசையும் இளம்பருவத்திலேயே கட்டிவிட வேண்டும். வெப்ப மாதங்களில் கிளை பருக்கும் வேகத்தில் கம்பி சில வாரங்களிலேயே பட்டைக்குள் பதியத் தொடங்கும். ஆகவே வாரந்தோறும் பார்த்து, அழுந்தும் அறிகுறி கண்டவுடன் சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். காகிதம் போல உரியும் மெலலூக்காப் பட்டையின் மேல் கம்பியைச் சுற்றினால், பல ஆண்டுகளில் சேர்ந்த அந்த ஏடுகள் கிழிந்து போகும். அதன் அடிமரத்தைக் கம்பியின்றி, கயிற்றால் தொட்டியின் விளிம்போடு இழுத்துக் கட்டிச் சாய்ப்பதே முறை.