பட்டியலில் பெயர் ஏறினால் போதுமா?

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897இல் கட்டி முடிக்கப்பட்டது. 2006இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று தடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கட்டடம் தப்பியது; நகரத்துக்கென ஒரு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவும் கிடைத்தது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பாழடைந்தே கிடந்தது. பாதுகாப்பு முறையைச் சீர்திருத்த முனையும் எந்த நகர நிர்வாகமும் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்: இடிக்கக் கூடாது என்று சொல்வது வேறு, காப்பாற்றுவது வேறு.

முதல் தவறு, பட்டியலையே பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்வது. சென்னைக்கு வாய்த்த 467 கட்டடங்களின் பட்டியல், விளம்பரப் பலகை வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்தது. எந்தக் கட்டடத்தின் முன்னால் பலகை வைக்கக் கூடாது என்பதே அப்போதைய கேள்வி. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டடத்தையும் ஆவணப்படுத்தி, தரம் பிரித்து, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்று அறிவிக்கை செய்யும் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. பட்டியலில் ஏறியதற்கும் அறிவிக்கை வருவதற்கும் இடைப்பட்ட காலம்தான் ஒரு பழைய வீட்டுக்கு மிகவும் ஆபத்தானது. தடை வரப்போகிறது என்று தெரிந்த உரிமையாளர் அதற்கு முன்பே கடப்பாரையை எடுத்துவிடுவார்.

ஆகவே காலக்கெடு வேண்டும். நியூயார்க்கில் 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சி, 1965இல் அங்கே பாதுகாப்புச் சட்டமாக மாறியது. அங்கும் கோப்புகள் பல பத்தாண்டுகள் தேங்கின. 2016இல் நகர மன்றம் கெடு விதித்தது: தனிக் கட்டடத்துக்கு ஓராண்டு, வட்டாரத்துக்கு இரண்டாண்டு. ஆனால் கெடுவை மட்டும் விதித்துவிட்டு ஆய்வுக்கு ஆள் தராமல் விட்டால், கட்டடங்கள் பரிசீலனையிலிருந்தே உதிர்ந்துபோகும். இது இரண்டாவது தவறு. சட்டமும் தானாக நடக்காது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, செலவை உரிமையாளர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது. மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ ஒரு பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். நான்கைந்து வாரிசுகள். மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது, தேக்கு உத்திரத்தில் கறையான். சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து மனையிலோ அடுக்குமாடி எழுகிறது. அந்தக் குடும்பத்திடம் 'உங்கள் வீடு ஊரின் சொத்து' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது அநியாயம். சொத்து வரியில் சலுகை, பழுதுபார்க்க நிதி, இடித்துக் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் கூடுதல் தளப்பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமை ஆகியவை அறிவிக்கையோடு சேர்ந்தே அவர்கள் கைக்கு வர வேண்டும்.

அரசே உரிமையாளராக இருக்கும் கட்டடங்களுக்கு விலக்கு அளிப்பதும் தவறு. சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 தீ விபத்தில் சிதைந்தது. அதை இடித்துத் தள்ளாமல் சுண்ணாம்புக் கலவை கொண்டே மீட்டெடுத்தார்கள். அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. தனியாருக்கு விதிக்கும் அதே அனுமதி நடைமுறை அரசுத் துறைகளுக்கும் இருக்க வேண்டும்.

பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதும் கூடாது. எந்தக் கட்டடத்துக்கு என்ன மாற்றம் கேட்டார்கள், ஏன் அனுமதித்தார்கள் என்பதைத் தமிழில், தெருப் பெயரோடு வெளியிட வேண்டும். ஒரு வீட்டின் ஓடுகளைப் பிரிக்கத் தொடங்கினால் முதலில் பார்ப்பவர் எதிர்வீட்டுக்காரர். அவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையாவது நகராட்சி அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.