தானியமில்லாக் கொழுக்கட்டை: அரிசி மாவுப் பழக்கத்தால் நேரும் தவறுகள்

ஏகாதசியன்று தானியத்தைத் தவிர்ப்பவர்களும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும், மருத்துவரின் அறிவுரைப்படி எல்லாத் தானியங்களையும் சிறிது காலம் விலக்கி வைப்பவர்களும் கொழுக்கட்டையைக் கைவிட வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தில் அதற்கான மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது. ஆத்தூர், வாழப்பாடி பக்கத்து விளைநிலங்களில் விளையும் குச்சிக்கிழங்கிலிருந்துதான் (மரவள்ளிக்கிழங்கு) மாவும் ஜவ்வரிசியும் எடுக்கப்படுகின்றன. சேலம் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. அப்படியிருந்தும் இந்தக் கொழுக்கட்டை பல வீடுகளில் சரியாக வருவதில்லை. கிழங்கு மாவை அரிசி மாவைப் போலவே நடத்துவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

முதல் தவறு கடையிலேயே நேர்ந்துவிடுகிறது. அரிசிக்குப் பதிலாகச் சாமையையோ தினையையோ வாங்கி வந்து தானியத்தைத் தவிர்த்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு, சிறுதானியமும் தானியமே. கட்டிப் பெருங்காயத்திலும் பொடிப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா மாவோ அரிசி மாவோ சேர்க்கப்பட்டிருப்பதால், காரப் பூரணம் செய்வோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் அதைத் தாளிப்பில் போடக் கூடாது. கிழங்கு மாவில் மக்காச்சோள மாவைக் கலப்பதாகக் கிழங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் கூறி வருகின்றனர். மக்காச்சோளம் தானியம் என்பதால், உடல்நலக் காரணத்துக்காகத் தானியத்தை விலக்குவோர் விலை மலிவை மட்டும் பார்த்து உதிரி மாவு வாங்காமல், உட்பொருள் தெளிவாக அச்சிடப்பட்ட பொட்டலத்தை வாங்குவதே நல்லது. இட்லி மாவு ஊறிய துணியையே கொழுக்கட்டைக்கும் விரிப்பது, கையில் ஒட்டாமலிருக்க அரிசி மாவைத் தொட்டுக்கொள்வது போன்றவை நம்மையறியாமல் நடப்பவை. தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டால் போதும்.

கிழங்கு மாவு என்ற பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, கிழங்கைச் சீவிக் காயவைத்து அரைத்த மாவு. அதில் நார் உண்டு, நிறம் சற்று மங்கல். மற்றொன்று, கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அடியில் படிந்ததை உலர்த்திய ஸ்டார்ச். ஸ்டார்ச்சை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் நறநறவென்ற ஓசையை விரல் நுனியிலேயே உணரலாம். ஒன்றுக்குச் சொன்ன நீரளவை மற்றொன்றுக்கு ஊற்றினால் மாவு சேராது.

மிகுதியானோர் தோற்பது நீரில்தான். ஸ்டார்ச்சில் பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தால் அது கையில் இறுகுவதுபோல் தோன்றும். கையை விட்டதும் தட்டில் வழிந்தோடும். அதைக் கண்டு மேலும் மாவைக் கொட்டுவதால் பயனில்லை. ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பிப் பசைத்தன்மை பெறுகிறது. அந்தப் பசைதான் மீதி மாவைப் பிடித்து வைக்கிறது. எனவே தளதளவெனக் கொதிக்கும் நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். வெறும் ஸ்டார்ச்சில் செய்த சொப்பு, அதாவது பூரணத்தை மூடும் மேல்மாவு, ரப்பரைப் போல இழுபடும் என்பதால், நன்கு வேகவைத்து மசித்த குச்சிக்கிழங்கு இரண்டு பங்கும் ஸ்டார்ச் ஒரு பங்கும் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். மசியல் ஆறுவதற்குள் மாவைச் சேர்த்துவிட்டால் தனியாக வெந்நீர்கூட அதிகம் தேவைப்படாது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடாமல் விட்டால் மேற்பரப்பு காய்ந்து, சொப்பு செய்யும்போது விளிம்பு வெடிக்கும்.

பச்சைக் கிழங்கைத் துருவி அப்படியே பிடித்து வேகவைக்கும் வழக்கமும் உண்டு. குச்சிக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் இயற்கையாகவே உள்ளன. சமையலுக்குரிய கிழங்கில் அவை குறைவு, கசக்கும் கிழங்கில் மிகுதி. தோலையும் உள்தோலையும் முழுமையாக நீக்கி, துண்டுகளை நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. கசக்கும் கிழங்கை ருசி பார்த்துக்கொண்டிராமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஜவ்வரிசியில் செய்வதானால் கண்ணாடி போலிருக்கும் நைலான் ஜவ்வரிசியைத் தவிர்த்து, வெள்ளையாக இருக்கும் மாவு ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே படிந்த மாவு போகக் கழுவி, மட்டத்தோடு நிற்கும் அளவு நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணியை நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கடினமான புள்ளி தென்பட்டால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். நீர் மிகுந்தால் உருண்டை பிடிக்க வராது.

வெல்லப் பூரணத்தைப் பாகு கெட்டியாகி, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி, முழுமையாக ஆறவிட வேண்டும். இளகிய பூரணம் ஆவியில் மேலும் இளகிச் சொப்பைக் கிழிக்கும்.

இட்லிப் பானையில் நீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை வைக்க வேண்டும். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழுந்த இடம் கொழகொழத்துவிடும் என்பதால், மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டுவது நல்லது. சொப்பின் வெள்ளை நிறம் மறைந்து, கண்ணாடி போல் பூரணம் மங்கலாகத் தெரிவதே வெந்ததற்கான அடையாளம். நடுத்தர அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சேலத்தில் கணக்கிட்ட நேரத்தை அங்கே அப்படியே பின்பற்றாமல் சில நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். அடுப்பை அணைத்தவுடன் எடுக்க முயன்றால் வாழையிலையோடு ஒட்டிப் பிய்ந்துவிடும். ஐந்து நிமிடம் ஆறினால் தானாகக் கழன்று வரும்.

தானியமில்லை என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்று கொள்வது ஆபத்தான தவறு. கிழங்கு ஸ்டார்ச் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடியது. வெல்லமும் அதனோடு சேர்கிறது. அவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் போன்ற காரப் பூரணத்தை வைத்து, எண்ணிக்கையையும் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மிஞ்சியவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கல்லாக இறுகியிருக்கும். கெட்டுப்போனதாக எண்ணி எறிந்துவிட வேண்டாம். ஐந்தாறு நிமிடம் மீண்டும் ஆவி காட்டினால் மென்மை திரும்பிவிடும்.