அமெரிக்க டிரக் ஓட்டுநர் உரிமம்: எழுத்துத் தேர்வுக்கு ஆயத்தமாகும் முறை

பதினெட்டுச் சக்கர டிரக்கை அமெரிக்காவில் ஓட்ட ‘கிளாஸ் ஏ’ வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதற்கான சாலைத் தேர்வுக்கு முன்பாக, பொது அறிவு, ஏர் பிரேக் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்), இணைப்பு வாகனம் (இழுவண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்தது) என மூன்று எழுத்துத் தேர்வுகளில் தேறிப் பயிலுநர் அனுமதி பெற வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இவற்றுக்கு முறையே 50, 25, 20 கேள்விகள். ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுத்தாக வேண்டும், அதாவது 40, 20, 16 சரியான விடைகள். ஒரு தாளில் கூடுதலாக எடுத்த மதிப்பெண் இன்னொரு தாளின் குறையை ஈடுகட்டாது. ஏர் பிரேக் தாளில் தவறினால் ஏர் பிரேக் உள்ள வாகனத்தை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்தில் ஏறிவிடும். பெரிய டிரக்குகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதுதான் இருப்பதால், அப்படிப்பட்ட உரிமத்தை வைத்துக்கொண்டு வேலை தேடுவது கடினம்.

படிக்க வேண்டிய நூல் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் மாநிலத்தின் வணிக ஓட்டுநர் கையேடு. மாநில மோட்டார் வாகன அலுவலகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கும். கேள்விகள் அதன் வாக்கியங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. கைபேசிச் செயலிகளில் உள்ள மாதிரி வினாக்களை மட்டும் நம்பி முதல் முறை சென்ற நான், ஏர் பிரேக் தாளில் 19 எடுத்துத் திரும்பி வந்தேன். அந்தச் செயலிகளின் குறை அவை பழையதாகிவிடுவதுதான். காற்றழுத்தம் குறைவதை உணர்த்தும் எச்சரிக்கை எந்த அளவுக்குக் கீழே போவதற்குள் ஒலிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய கையேடுகள் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்றன, இப்போதைய கையேடுகள் 55 என்கின்றன. ஆகவே கையேட்டின் பதிப்பாண்டைப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

கையேட்டை ஆங்கிலத்திலேயே படிப்பது நல்லது. நெடுஞ்சாலைப் பலகைகளைப் படிக்கவும் அதிகாரிகளின் கேள்விக்குப் பதில் சொல்லவும் போதுமான ஆங்கிலம் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி; 2025 ஜூன் முதல், அது இல்லாதவரைச் சோதனையிலேயே வண்டியிலிருந்து இறக்கிவிடலாம் என்றாகியிருக்கிறது. கலைச்சொற்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இழுவண்டிக்கும் ட்ரெய்லருக்கும் இடையிலான காற்றுக் குழாய்களை இணைக்கும் ‘கிளாட் ஹேண்ட்’ என்பது, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பற்றிக்கொள்ளும் பொருத்து. ‘ஜாக்நைஃப்’ என்றால் ட்ரெய்லர் பேனாக்கத்தியைப்போல மடங்கி இழுவண்டியின் பக்கமாக வந்துவிடுவது. இப்படிக் கண்ணுக்குத் தெரியும் உருவமாக மனத்தில் பதித்துக்கொண்ட சொல் தேர்வு அறையில் மறக்காது.

அதிக நாள் செலவிட வேண்டியது ஏர் பிரேக் அத்தியாயத்தில்தான். அதன் எண்களைத் தனித்தனியாக உருப்போட்டால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும். ஒரு தொட்டியில் காற்று ஏறி இறங்குவதாக நினைத்துக்கொண்டால் வரிசை தானாக நிற்கும். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை நிரப்புகிறது. அழுத்தம் ஏறத்தாழ 125 பி.எஸ்.ஐ. ஆனதும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னர் நிரப்புவதை நிறுத்துகிறது. ஏறத்தாழ 100-க்கு இறங்கினால் மறுபடி நிரப்பச் சொல்கிறது. இனி எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் இயக்க நிலையில் வைத்து, பிரேக் பெடலை அழுத்தி அழுத்தி விடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தமானியின் முள் சற்றுச் சற்றாக இறங்குகிறது. 55-க்குக் கீழே போவதற்குள் விளக்கு எரிந்து ஒலி எழ வேண்டும். மேலும் மிதித்துக்கொண்டே போனால், 45-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ, முகப்பில் உள்ள, பார்க்கிங் பிரேக்குக்கான மஞ்சள் குமிழ் ‘டப்’ என்று தானாக வெளியே தெறிக்கும். அதுவரை ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருந்தது காற்று. காற்று குறைந்ததும் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிட்டது. காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவருக்கு அந்த அத்தியாயத்தின் பாதிக் கேள்விகள் எளிதாகிவிடும்.

கசிவுச் சோதனையின் எண்களை 2, 3, 3, 4 என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக்கை விட்ட நிலையில் ஒரு நிமிடத்தில் தனி வண்டி 2, இணைப்பு வாகனம் 3 பி.எஸ்.ஐ.-க்குமேல் இழக்கக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையில் அதுவே 3, 4.

பொது அறிவுத் தாளில் நம்மை வீழ்த்துபவை, பட்டறிவுக்கு எதிராகத் தோன்றும் விடைகள். சரக்கேற்றிய டிரக்கைவிட வெற்று டிரக் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கலாம், ஏனெனில் எடையில்லாத சக்கரங்களுக்குச் சாலையில் பிடிமானம் குறைவு. டயர் வெடித்தால் உடனே பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாகத் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் அது இடப்பக்கம் என்பதால், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வலப்பக்க இருக்கையில் ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் தவறான விடையைத் தொட்டுவிடுவார். பனிக்காலப் பகுதியும் நமக்குப் புதிது: ஈரச் சாலையில் வேகத்தை மூன்றில் ஒரு பங்கும், இறுகிய பனியில் பாதியும் குறைக்க வேண்டும், பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

நிற்கும் தூரத்தைக் கூட்டல் கணக்காகவே எழுதிப் பார்ப்பது பயன் தரும். மணிக்கு 55 மைல் வேகத்தில், ஆபத்தைக் கண்டு உணர்வதற்குள் 142 அடி, கால் பெடலுக்குப் போவதற்குள் 61 அடி, பிரேக் பிடித்து நிற்பதற்குள் 216 அடி, ஆக 419 அடி. ஏர் பிரேக்கானால் காற்று குழாயில் ஓடிச் சேரும் தாமதத்துக்கு இன்னும் 32 அடி சேர்ந்து 450-ஐத் தாண்டும். முன்வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளிக்கு, வண்டி நீளத்தின் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு நொடி. வேகம் 40 மைலுக்கு மேலானால் கூடுதலாக ஒரு நொடி.

அபாயகரமான பொருள்களுக்கான கூடுதல் தாளை இப்போதே எழுத வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. அதற்குத் தனியான பயிற்சியும் பின்னணிச் சோதனையும் தேவைப்படுவதால், முதல் மூன்றை முடித்துவிட்டு அதைப் பார்ப்பதே என் ஆலோசனை. பிறநாட்டுக் குடியுரிமை உடையவர்களுக்கான தகுதி விதிகள் 2025 முதல் இறுகி வருகின்றன. படிக்க உட்காருவதற்கு முன்பே அதை மாநில அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவத் தகுதிச் சான்றிதழையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

தேர்வில் ‘அல்லாதது எது’ என்று கேட்கும் வினாக்களை இரண்டு முறை வாசித்த பிறகே விடையைத் தொடுங்கள். தேறிப் பயிலுநர் அனுமதி கைக்கு வந்த பின் குறைந்தது 14 நாள் கழித்தே சாலைத் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த இரண்டு வாரமும் கையேட்டை மூடிவிடாதீர்கள்: சாலைத் தேர்வின் தொடக்கத்தில் தேர்வாளர் பக்கத்தில் நிற்க, முள்ளைக் காட்டி நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை அதே 125, 55, 45, 20 என்ற எண்களே. ஏர் பிரேக் சோதனையைச் சரியாகச் செய்யாதவர்களை அன்றைக்குச் சாலைக்கே அனுப்ப மாட்டார்கள்.