தோள் நோவுக்கு வீட்டுப் பயிற்சி: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழும்பாது. பெண்களென்றால் முதுகுப்பக்கம் கொக்கி போட முடியாது, ஆண்களென்றால் பின் பொக்கற்றில் இருக்கும் பேர்ஸை எடுக்க முடியாது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு வந்துவிடும். தோள் நோ என்று வருகிறவர்கள் இந்த மூன்றில் இரண்டையாவது சொல்லாமல் இருப்பதில்லை. வெள்ளவத்தையில் பிசியோதெரபி செய்கிற நான், "வீட்டில் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். புதிதாக வாங்க ஒன்றுமில்லை. மேசை, துவாய், தலையணை, தும்புத்தடி இருந்தால் தொடங்கலாம்.

தோளைக் கெடுக்கிற வழிகள் இரண்டு. நோகிறது என்று கையை நெஞ்சோடு அணைத்தபடி வாரக்கணக்கில் வைத்திருப்பது ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முறிப்பது மற்றது. முதலாவதைச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது பொருந்தி நிற்கிற குழியோ சின்னது, ஆழமில்லாதது. சோசரில் தோடம்பழத்தை வைத்த மாதிரி. அதனால்தான் தோள் இவ்வளவு பக்கம் திரும்புகிறது, அதனால்தான் இலகுவில் கழன்றும் போகிறது. தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் நாலு தசைகளின் நாண்கள் அந்த உருண்டையைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றைத்தான் ரிப்போர்ட்டில் ரொட்டேட்டர் கஃப் என்று எழுதுவார்கள். மூட்டைச் சுற்றி ஒரு உறையும் இருக்கிறது. நோவுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நாண்கள், இல்லாவிட்டால் உறை. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

பயிற்சிக்கு முன்: இவை இருந்தால் வீட்டில் மினக்கெட வேண்டாம்

இடது தோளோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அதைத் தோள் நோ என்று நினைக்கவே கூடாது. உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

விழுந்த பிறகு தோளின் வடிவம் மாறியிருந்தால், கை மரத்துப்போனால், கையைத் தூக்கவே முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டொக்டர். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், காரணமில்லாமல் மெலிந்துகொண்டு போகிறவர்களும், ஓய்விலும் நோ குறையாதவர்களும் அப்படித்தான்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். கழன்ற தோளோடு எலும்பு வெடித்தும் இருக்கலாம். பக்கத்திலேயே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன.

முதல் படி: உங்கள் தோள் எந்த வகை?

கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, மடக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க முன்னால் நீட்டுங்கள். இப்போது முழங்கை விலாவை விட்டு விலகாமல் இரண்டு கைகளையும் வெளிப்பக்கம் திறவுங்கள். நோகிற பக்கம் மற்றப் பக்கத்தின் பாதிக்குக்கூடத் திறக்கவில்லையா? வீட்டில் ஒருவரை மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தள்ளியும் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டால் உறை இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரோஸன் ஷோல்டர் என்பது இதுதான். அதில் முதலில் குறைவது பெரும்பாலும் இந்த வெளிப்பக்கத் திருப்பம். கையை மேலே தூக்கிப் பார்த்து மட்டும் தீர்மானித்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் தோள்பட்டையை உயர்த்தியும் முதுகை வளைத்தும் உடம்பு சமாளித்துக் காட்டிவிடும்.

வெளிப்பக்கம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவில் மட்டும், ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகை வரை சுள்ளென்று நோகிறது, அதைத் தாண்டினால் விடுகிறது என்றால் நாண் பக்கம் சந்தேகப்படலாம். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றுகிற நாட்டாமிமார், சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள், பந்து வீசுகிற பெடியன்கள் இந்த வகையில் அதிகம் வருவார்கள்.

மூன்றாவதும் உண்டு. மற்றவர் தூக்கிவிட்டால் கை மேலே போகிறது, அவர் விட்டதும் தாங்க முடியாமல் விழுகிறது. நாண் கிழிந்திருக்கக் கூடும். பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கான் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வருகிற பாதிப்பேர் கையில் அந்தக் கோப்போடுதான் வருகிறார்கள். ஃப்ரோஸன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வேறு கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அதை எடுப்பது. மறுபக்கம், 60 வயதைத் தாண்டிய பலருக்கு நோவே இல்லாமல் நாணில் கிழிசல் இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் ஒரு கிழிசலைக் கண்டு உடனே கலங்க வேண்டாம். கை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாம் படி: கையைத் தொங்க விடுதல்

முதல் இரண்டு வகையில் எதுவென்றாலும் இதில் தொடங்கலாம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். நோகிற கை தும்பிக்கை போலத் தொங்கட்டும். இப்போது ஆட்ட வேண்டியது கையை அல்ல, இடுப்பை. கால்களைச் சற்று அகட்டி, உடம்பின் பாரத்தை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றினால் கை தானாக ஆடும். அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் சின்ன வட்டமாக. ஒவ்வொன்றும் அரை நிமிடமளவு.

பத்துப் பேரைச் செய்யச் சொன்னால் அநேகமாக எட்டுப் பேர் தோள் தசையை இறுக்கிக்கொண்டு கையையே வட்டமடிக்க வைப்பார்கள். அது வேலை, ஆறுதல் அல்ல. சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க விரல்களைக் கவனியுங்கள். அவை தளர்ந்து தொங்கினால் சரி. விறைத்து நின்றால் தோளும் விறைத்திருக்கிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் கோட்மன் பெயரால் இந்தப் பயிற்சியைச் சொல்வார்கள். ஃப்ரோஸன் ஷோல்டர் என்று 1934இல் எழுதியவரும் அவர்தான்.

குனிந்தால் தலை சுற்றுகிறவர்களும் நாரி நோ உள்ளவர்களும் இதை விட்டுவிட்டு அடுத்ததைச் செய்யலாம்.

மூன்றாம் படி: மேசையில் துவாய்

கதிரையில் இருந்து, மடித்த துவாயின் மேல் கையை வைத்து, மேசை மேல் முன்னால் வழுக்கிக்கொண்டு போங்கள். கை போவதற்கு உடம்பும் முன்னால் சாய வேண்டும். இறுக்கம் தெரிகிற இடத்தில் ஐந்து மூச்சு நின்று திரும்புங்கள். பத்துத் தடவை போதும்.

நாலாம் படி: தும்புத்தடி

இறுகிய தோளுக்கு முதல் இடம் கொடுக்கவேண்டிய பயிற்சி இது. ஒரே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

கட்டிலில் மல்லாந்து படுங்கள். நோகிற கையின் மேற்பகுதிக்கும் முழங்கைக்கும் கீழே மடித்த துவாயை வையுங்கள். இல்லாவிட்டால் முழங்கை பின்னால் விழுந்து தோளின் முன்பக்கம் இழுபடும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்குங்கள். தும்புத்தடியை வயிற்றுக்குக் குறுக்கே, இரண்டு கைகளாலும் பிடியுங்கள். தும்பைக் கழற்றிவிட்டால் வசதி, கழராவிட்டாலும் பரவாயில்லை. இப்போது நல்ல கை தள்ளட்டும். நோகிற கை எதிர்க்காமல் வெளிப்பக்கம் திறக்கட்டும். இழுவை தெரிகிற இடத்தில் நிறுத்தி பத்து எண்ணி, மெதுவாகத் திரும்புங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை.

இதிலும் ஒரு கள்ளம் உண்டு. முழங்கை விலாவை விட்டு விலகினால் கை நிறையத் திறந்தது போலத் தெரியும், தோளோ அதே இடத்தில்தான் நிற்கும். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகி வையுங்கள். அது விழாவிட்டால் சரியாகச் செய்கிறீர்கள்.

எவ்வளவு நோகலாம்? நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று உங்களையே கேளுங்கள். மூன்று நாலு வரை பரவாயில்லை. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இரவு வழக்கத்தைவிட நொந்தால், அடுத்த நாள் பயிற்சியை விடாமல் அளவைப் பாதியாக்குங்கள். செய்வதற்கு முன் பத்து நிமிடம் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் இலகுவாக இருக்கும். காலையில் சுடுதண்ணீரில் குளித்த கையோடும் செய்யலாம். சித்தாலேப பூசுவதை நான் தடுப்பதில்லை, பூசிவிட்டுப் படுத்திருப்பதைத்தான் தடுக்கிறேன்.

ஐந்தாம் படி: சுவரில் விரல் நடை

சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். போன உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வாடகை வீடென்றால் சுவரில் ஒரு கடதாசியை ஒட்டிக்கொள்ளுங்கள். தோள் காதை நோக்கி எழும்பத் தொடங்குகிற இடம்தான் உங்கள் எல்லை. அதற்கு மேல் ஏறினால் கணக்கில் சேராது. கோட்டை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், தினமும் பார்த்தால் மனம் சோரும்.

துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்கிற பயிற்சியை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நோ உச்சத்தில் இருக்கும்போது அதைத் தொட வேண்டாம். கொக்கி போட அவசரப்படுகிறவர்கள் அதில் தொடங்கித்தான் நோவைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

நாண் நோவென்றால்

நாண் பலமாவதற்குப் பாரம் வேண்டும், ஆனால் படிப்படியாக. முதலில் அசைவில்லாமல்: கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்று, முழங்கையை மடக்கி, புறங்கையால் நிலையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். முழுப் பலத்தில் கால்வாசி போதும். பத்து எண்ணி விடுங்கள், ஐந்து தடவை. அது நோகாமல் வந்த பிறகு ரப்பர் பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி அதே திசையில் இழுக்கலாம். அதற்கும் பிறகு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் கையைத் தோள் மட்டம் வரை உயர்த்துங்கள். அரைக் கிலோ பாரம் கையில் கிடைத்துவிட்டது. இலகுவானதும் ஒரு லீற்றருக்கு மாறுங்கள். மூன்று மாதமாவது தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று விடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அதுவரை மேல்தட்டுச் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். பஸ்ஸில் மேல் கம்பியை விட்டு இருக்கையின் முதுகைப் பிடியுங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் அதற்கு இடம் கிடைத்தால்!

இரவு

நல்ல பக்கம் சரிந்து படுத்து, முன்னால் தலையணையை வைத்து நோகிற கையை அதன்மேல் போடுங்கள். மல்லாந்து படுக்கிறவர்கள் மேற்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைக்கலாம். நான் பார்த்த மட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் மக்கள் ஆக அதிகம் நன்றி சொல்கிறார்கள்.

சீனி வருத்தக்காரருக்கு

ஃப்ரோஸன் ஷோல்டர் பொதுவாக 40க்கும் 60க்கும் இடையில் வருவது, பெண்களுக்குச் சற்றுக் கூட. நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும், குணமாகவும் நாள் எடுக்கும், பிறகு மற்றத் தோளிலும் வரலாம். காரணம் தெரியாமல் தோள் இறுகினால், இதுவரை சோதிக்காதவர்கள் ஒருமுறை இரத்தத்தில் சீனியைப் பார்த்துக்கொள்வது நல்லது. தைரொயிட் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

டொக்டர் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடச் சொல்லலாம். நோ உச்சத்தில் இருக்கும் ஆரம்ப மாதங்களில் அது நன்றாக உதவும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சில நாட்களுக்குச் சீனி ஏறும், அதை அளந்துகொள்ளுங்கள். ஊசி நோவைக் குறைக்கிற அந்த வாரங்கள்தான் தும்புத்தடிக்கு ஆக நல்ல காலம்.

ஃப்ரோஸன் ஷோல்டர் எல்லாம் சேர்த்து ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு நல்ல அளவு திரும்பும், ஒரு சின்ன இறுக்கம் மிஞ்சலாம். பத்து நாளில் சரியாக்குகிறோம் என்று விளம்பரம் பார்த்தால் உங்கள் காசை உங்கள் பையிலேயே வைத்திருங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் எப்போது?

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் சுவர்க் கோடு அசையாவிட்டால் போங்கள். தோள் கழன்றவர்களும், அறுவைச் சிகிச்சை செய்தவர்களும் இந்தப் பதிவை வைத்துத் தொடங்கவே வேண்டாம். எந்த வாரத்தில் எந்த அசைவு என்பதை அறுவை செய்தவர்தான் தீர்மானிப்பார். பெரியாஸ்பத்திரி போன்ற அரச வைத்தியசாலைகளில் பிசியோதெரபி இலவசம். முதலில் டொக்டரிடம் காட்டி அவர் எழுதித் தருவதோடு போக வேண்டும். காலையில் வரிசை நீளம். தனியாரிடம் போனால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

போகும்போது எக்ஸ்ரே, குடிக்கிற மருந்துகளின் பட்டியல், சீனி ரிப்போர்ட், சுவரிலிருந்து கழற்றிய பென்சில் கோட்டுக் கடதாசி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தோளைத் திறந்து காட்டக்கூடிய சட்டையும் போட்டுக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.