எச்ஓ (அசலில் 87-இல் ஒரு பங்கு) அளவில் ஒரு கோழி வேகன் மாடல்: உள்ளிருந்து வெளியே கட்டும் முறை

அமெரிக்க ரயில்பாதைகளில் 1880களிலிருந்து 1950கள் வரை, உயிருள்ள கோழிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே தனி வேகன்கள் ஓடின. இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் கம்பி வலை, உள்ளே தரையிலிருந்து கூரை வரை அடுக்கடுக்காகக் கூண்டுகள், கூண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு குறுகிய இடைவழி. பயணம் முழுக்க ஓர் ஆள் கூடவே போவார். அவர் இடைவழியில் நடந்து தீனியும் தண்ணீரும் வைப்பார், வேகனின் நடுவில் உள்ள சின்ன அறையில் படுத்துக்கொள்வார். ஒரு வேகனில் 4000 முதல் 5000 கோழிகள் வரை போகும்.

மாடல் கட்டுவோருக்கு இந்த வேகன் தரும் சவால் வேறெந்தச் சரக்குப் பெட்டியிலும் இல்லை. சாதாரண பாக்ஸ் காரில், அதாவது மூடிய சரக்குப் பெட்டியில், நான்கு சுவரும் கூரையும் ஒட்டினால் வேலை முடிந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. இதில் உள்பக்கம்தான் வெளித்தோற்றம். அதனால் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கி, கூண்டுகளை முதலில் கட்டி, பெயின்ட் அடித்து, கோழிகளை வைத்து, கடைசியாகத்தான் வலையையும் வெளிச்சட்டங்களையும் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், வலைக்குப் பின்னால் பிரஷ்ஷே போகாது.

எந்தக் காலம், எந்த ஊர்

கட்டும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் போகியும் (வேகனின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பிரேக்கும் இதைப் பொறுத்தவை. இந்த வேகன்களின் பெரிய சந்தை நியூயார்க். அங்கிருந்த யூதக் குடும்பங்களின் கோஷர் முறைப்படி பறவை உயிரோடு வந்துசேர்ந்து, அதற்கென உள்ளவரால் அறுக்கப்பட வேண்டும். ஐஸில் வைத்த இறைச்சி அதற்கு ஈடாகாது. புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்கள் வழக்கில் 1935-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் அந்த வணிகத்தின் கணக்கே இருக்கிறது. நியூயார்க்கில் விற்ற உயிர்க்கோழிகளில் 96 சதவீதம் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை, அதில் முக்கால் பங்கு ரயிலில் வந்தது. அப்படி ரயிலில் வந்ததிலும் சுமார் 75 சதவீதம் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் மன்ஹாட்டன் முனையத்தில் இறங்கியது, மீதி நியூ ஜெர்சியில் இருந்த 4 முனையங்களில்.

வேகன்கள் பெரும்பாலும் ரயில்வேக்களுக்குச் சொந்தமானவை அல்ல. லைவ் பவுல்ட்ரி டிரான்சிட், பேலஸ் பவுல்ட்ரி கார் போன்ற தனியார் நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு விட்டன. பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறியெழுத்து எக்ஸில் முடிந்தால் அது தனியார் வேகன் என்று அர்த்தம். ஆகவே நீங்கள் எந்த ரயில்வேயை மாடல் செய்தாலும் இது பொருந்தும்.

இந்த விளக்கம் 1920களின் மரச்சட்ட வேகனுக்கானது. ஆர்ச்பார் போகியும் (இரும்புப் பட்டைகளைப் போல்ட்டால் பூட்டிச் செய்த பழைய வகை) கே வகை காற்று பிரேக்கும் அந்தக் காலத்துக்குச் சரி. 1940களின் மாடல் என்றால் ஆர்ச்பார் போகியைத் தவிருங்கள். அதற்குள் அந்த வகையை மற்ற ரயில்வேக்கள் தங்கள் பாதையில் ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டன.

அளவுக் கணக்கு

எச்ஓ அளவில் 1 அடி என்பது 3.5 மி.மீ. நம் வேகன் 36 அடி நீளம், 9 அடி அகலம். அதாவது 126 மி.மீ., 31.5 மி.மீ. நடு அறைக்கு 4 அடி, 14 மி.மீ. விட்டால், இரண்டு பக்கமும் 56 மி.மீ. கிடைக்கும். அதில் 14 மி.மீ. அகலத்தில் 4 கூண்டுகள். அடுக்கு 8. நடு அறைக்கு முன்னும் பின்னும், இடைவழிக்கு இரு பக்கமுமாக இப்படி 4 தொகுதிகள். ஆக மொத்தம் 4 கூண்டு × 8 அடுக்கு × 4 தொகுதி = 128 கூண்டுகள்.

அகலத்தில் இப்படிப் பிரியும்: ஒவ்வொரு பக்கமும் கூண்டின் தரையாகும் தட்டின் ஆழம் 11 மி.மீ., அதன் முன்னும் பின்னும் 0.75 மி.மீ. சட்டம், நடுவில் இடைவழி 5.5 மி.மீ., வெளியே இரு பக்கமும் 0.5 மி.மீ. சட்டம். கூட்டினால் 31.5. இந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து வேலைமேசையில் ஒட்டிவையுங்கள். பாதியில் எது இடித்தாலும் காரணம் இந்த எண்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வாங்க வேண்டியவை: 0.5 மி.மீ. மற்றும் 1 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு, 0.75 மி.மீ. சதுரப் பட்டை, 1 × 0.5 மி.மீ. பட்டை, 1.5 மி.மீ. உருண்டைக் கம்பி (35 செ.மீ. நீளத்தில் 4), கறுப்பு நெட் துணி கால் மீட்டர், 16 கேஜ் இரும்புத் தகடு, 0.3 மி.மீ. தூண்டில் நரம்பு, உலோகச் சக்கரம் உள்ள போகி ஒரு ஜோடி, கேடி நிறுவனத்தின் எண் 5 கப்ளர் (வேகன்களைக் கோக்கும் கொக்கி) 2. பசையில் மூன்று வேண்டும்: ஸ்டைரீனுக்கு எம்இகே (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம்), வலைக்கு மேட் அக்ரிலிக் மீடியம், எடைக்கு எபாக்சி.

கூண்டுத் தொகுதிகள்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போக வேண்டும்.

0.5 மி.மீ. தகட்டில் 55 × 11 மி.மீ. அளவில் 28 தட்டுகள் வெட்டுங்கள். ஒரு தொகுதிக்கு 7 தட்டு, கீழ் அடுக்குக்கு வேகனின் தரையே தட்டு. 11 × 27.5 மி.மீ. அளவில் 8 பக்கச் சுவர்கள் வெட்டி, எட்டையும் டேப் போட்டு ஒரே கட்டாகக் கட்டி, தட்டு உட்காரும் கோடுகளை ஒரே தடவையில் குறியுங்கள். அடியிலிருந்து 3 மி.மீ. இடைவெளி, 0.5 மி.மீ. தட்டு, மறுபடி 3 மி.மீ. என்று மேலே போகும்.

தனித்தனியாகக் குறிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்துத் தட்டும் அந்தப் பக்கத்துத் தட்டும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் வெளிச்சம் வேகனை ஊடுருவி வரும். ஒரு தட்டுக்கு 0.1 மி.மீ. பிசகினால் ஏழாவது தட்டில் 0.7 மி.மீ. ஆகிவிடும். இடைவெளியே 3 மி.மீ.தான் என்பதால் மேல் அடுக்குகளில் கால்வாசி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தட்டையும் ஒட்டும்போது 3 மி.மீ. தடிமனான இரண்டு துண்டுகளை அடியில் அண்டக்கொடுத்து, பசை காய்ந்தபின் உருவி எடுங்கள்.

கூண்டுகளுக்கு இடையே தடுப்பு தேவையில்லை. 14, 28, 42 மி.மீ. இடங்களில் முன்னும் பின்னும் 0.75 மி.மீ. பட்டையைச் செங்குத்தாக ஒட்டினால் போதும். தட்டு தொய்யாமல் அதுவே தாங்கும், பின்னால் வெளிச்சட்டமும் அதே கோட்டில் வருவதால் தடுப்பு இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். உண்மையான தடுப்பு வைத்தால் சாய்வாகப் பார்க்கும்போது உள்ளே இருட்டடிக்கும்.

எம்இகேயைத் துளித்துளியாக, 0 எண் பிரஷ்ஷால், இணைப்பின் பின்பக்கத்திலிருந்து வையுங்கள். மெல்லிய தகட்டில் அதிகமானால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத் தட்டு அலை அலையாக நெளியும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அதன் ஆவி நல்லதல்ல.

தரையும் எடையும்

தரை 1 மி.மீ. தகடு, 126 × 30.5. நடு அறையை 14 மி.மீ. நீளத்தில் கெட்டியான பெட்டியாகக் கட்டுங்கள், அதுதான் இரண்டு பாதிகளையும் பிடித்து நிறுத்தும் முதுகெலும்பு. அதற்கு வெளிப்பக்கம் பலகைக் கோடு கீறிய சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல்.

அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ வண்டிக்கு 1 அவுன்ஸும், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸும் எடை வேண்டும். நம் வேகன் சுமார் 5 அங்குலம், ஆக 3.5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 100 கிராம். ஸ்டைரீன், போகி, கப்ளர் எல்லாம் சேர்ந்து 40 கிராம் அளவில்தான் வரும். மீதியை எங்கே ஒளிப்பது? கூண்டுகளுக்குள் முடியாது. 118 × 27 மி.மீ. இரும்புத் தகட்டைத் தரையின் அடியில் எபாக்சியால் ஒட்டினால் 40 கிராம் கிடைக்கும். போகித் திருகு போகும் இரண்டு துளைகளையும் ஒட்டும் முன்பே போட்டுவிடுங்கள். மிச்சம் 20 கிராமை நடு அறையின் அடிப்பகுதியில், ஜன்னல் மட்டத்துக்குக் கீழே, ஈயக்குண்டாக வையுங்கள்.

ஈயத்தை வெள்ளைப் பசையில், அதாவது பெவிகால் வகையில், ஒருபோதும் ஊறவைக்காதீர்கள். இரண்டும் மெதுவாக வினைபுரிந்து ஈயம் உப்பிப் பெருக்கும், சில ஆண்டுகளில் அறையின் சுவர் வெடித்துப் பிளக்கும். எபாக்சிதான் சரி.

பெயின்ட், பிறகு கோழிகள்

தொகுதிகளைத் தரையில் ஒட்டும் முன் பெயின்ட் அடியுங்கள். சட்டங்களுக்கு அழுக்கு வெள்ளை, தட்டுகளின் மேல்பக்கத்துக்குச் சாம்பல் கலந்த வைக்கோல் நிறம். தட்டின் மேல்பக்கத்தில் அக்கறை எடுங்கள். 3 மி.மீ. இடைவெளியில் 29 மி.மீ. தூரம் ஊடுருவிப் பார்க்க வேண்டும் என்றால், கண் ஏறக்குறைய 6 டிகிரிக்குள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அதற்கு மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் தட்டின் மேல்பக்கமும் முன்வரிசைக் கோழிகளும்தான்.

ஒரு கூண்டுக்கு 3 கோழி, மொத்தம் 384 போதும். எல்லாவற்றையும் முன்விளிம்பை ஒட்டியே வையுங்கள், பின்வரிசை வலைக்குள் தெரியாது. 1.5 மி.மீ. கம்பியை 2.5 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையைச் சாய்வாகச் சீவினால் வால் ஆயிற்று. வெள்ளை எள் அளவில் கச்சிதமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் எண்ணெய் கசிந்து பெயின்ட் உரியும், பூச்சியும் வரும். தவிர்த்துவிடுங்கள்.

நிறத்தில்தான் உயிர் இருக்கிறது. அன்று இந்த வேகன்களில் வந்தவை பண்ணை வீடுகளில் முட்டைக்காக வளர்த்துக் கழித்த கலப்புக் கூட்டம். வெள்ளை லெகார்ன், செம்பழுப்பு ரோட் ஐலண்ட் ரெட், கறுப்பு வெள்ளை வரியோடிய பிளிமத் ராக் ஆகிய மூன்றையும் கலந்து வையுங்கள். வரிக்கோழிக்கு நடுத்தரச் சாம்பல் போதும், இந்த அளவில் வரி போட்டால் அழுக்காகத் தெரியும். கடைசியில் பல்குச்சி முனையால் தலைக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கோழியை ஒட்ட அக்ரிலிக் மீடியமே போதும். சூப்பர் க்ளூவின் ஆவி வெண்படலமாகப் படிந்து, கட்டிய கூண்டையெல்லாம் மங்கலாக்கிவிடும்.

வலை

அசல் வலைக்கண் 2 அங்குலம் என்று வைத்தால் எச்ஓவில் 0.6 மி.மீ. அதே கண் அளவில் எஃகு வலை கிடைக்கிறது, ஆனால் அதன் கம்பி 0.2 மி.மீ. தடிமன். பாதிப் பரப்பைக் கம்பியே அடைத்துக்கொண்டு, பக்கவாட்டு முழுக்கத் தகடு போலத் தெரியும். நெட் துணியின் கண் சற்றுப் பெரிது, சுமார் 1 மி.மீ. ஆனாலும் நூல் மெல்லியது என்பதால் பார்வை உள்ளே போகிறது. அளவைவிட ஊடுருவல் முக்கியம் என்று நெட் துணியையே தேர்ந்தெடுங்கள், அதிலும் கறுப்பையே வாங்குங்கள். வெள்ளை அல்லது வெள்ளி நிற வலை வெளிச்சத்தைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளிருப்பதை மறைக்கும். வெள்ளையை வாங்கிக் கறுப்பு ஸ்ப்ரே அடிக்கலாமா என்றால், பெயின்ட் கண்களில் படலமாக அடைத்துக்கொள்ளும்.

துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுங்கள். விறைப்பாக இழுத்தால் காய்ந்தபின் சட்டங்களை உள்நோக்கி வளைத்துவிடும், வேகன் இடுப்பு ஒடுங்கினாற்போல் ஆகிவிடும். தொகுதியின் முன்சட்டங்களில் மட்டும் மீடியத்தை மெல்லிய கோடாகத் தடவி, வளையத்தோடு வைத்து அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் புது பிளேடால் ஓரத்தை நறுக்குங்கள். இங்கே எம்இகே வேண்டாம். அது நூல் வழியாக ஓடிக் கண்களை நிரப்பும்.

அதன் மேல், உள்சட்டம் இருக்கும் அதே கோடுகளில், முன்பே பெயின்ட் அடித்த 1 × 0.5 பட்டைகளை ஒட்டுங்கள். வலையின் வெட்டு ஓரம் எல்லாம் இவற்றின் அடியில் மறைந்துவிடும். பிறகு நான்கு தொகுதிகளையும் தரையில் பதித்து, முனைச் சுவர்களை ஒட்டுங்கள்.

கூரையும் அடிப்பாகமும்

கூரையை நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். என்றாவது ஒரு கோழி கழன்று இடைவழியில் உருளும். உள்ளே பதியும் இரண்டு பட்டைகளைக் கூரையின் அடியில் ஒட்டி, இறுக்கமாக அமரும்படி உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தால் போதும். இரண்டு தகடுகளை ஒட்டித் தடிமன் ஏற்றுவதாக இருந்தால், உள்தகட்டில் சில துளை போட்டுவிடுங்கள், அடைபட்ட எம்இகே வெளியேற வழியின்றிக் கூரையை வளைக்கும். உச்சியில் நடைபலகை 3.

போகி மையம் ஒவ்வொரு முனையிலிருந்தும் 17.5 மி.மீ. கப்ளரின் மையம் தண்டவாளத்துக்கு மேல் 9.9 மி.மீ. வர வேண்டும், வாஷர் போட்டுச் சரிசெய்யுங்கள். வேகன் தொய்யாமல் அடியில் நீளவாக்கில் தாங்கும் கம்பிகளான நான்கு டிரஸ் ராடுகளுக்கும் தூண்டில் நரம்பு. நடுவில் தீனிப் பெட்டி.

வெளிப்பெயின்டுக்குச் சரக்கு வேகன் சிவப்பு எந்தக் காலத்துக்கும் உறுத்தாது. மேல்பட்டையில் உரிமையாளர் பெயர், கீழே குறியெழுத்தும் எண்ணும் டீகாலாக (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்). டீகாலுக்கு மேல் அடிக்கும் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷால், பட்டைகளில் மட்டும் தடவுங்கள், ஸ்ப்ரே வலையில் படியும்.

லேஅவுட்டில் (மாடல் ரயில்பாதை அமைப்பில்) எங்கே

ஒரு வேகன், அதிகம் போனால் இரண்டு. கிழக்கே போகும் ரயிலில் நிறைந்ததாகவும், மேற்கே திரும்பும் ரயிலில் காலியாகவும் ஓட்டுங்கள். கோழி இல்லாத இரண்டாவது வேகன் கட்டினால், 128 கூண்டின் ஊடே வேகனுக்கு அப்பால் இருப்பது தெரியும் காட்சி கிடைக்கும், அதற்கு உழைப்பும் குறைவு. மத்திய மேற்கின் சிற்றூர் ஸ்டேஷன் ஒன்றில், சைடிங் (பக்கத் தண்டவாளம்) ஓரமாக மரக்கூடைகள் ஏற்றிய லாரியோடு நிறுத்தினால் ஏற்றும் காட்சி ஆகிவிடும். 1923-இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சு கேட்ட இடத்தில் 500 வந்துசேர, அவற்றை இறைச்சிக்காக வளர்த்து விற்றார். அதிலிருந்து பெருகிய பண்ணைகள் நியூயார்க்குக்கு லாரியில் எட்டும் தூரத்தில் இருந்தன. எனவே 1940களின் லேஅவுட்டில் இந்த வேகன் அபூர்வமாகவே வந்துபோக வேண்டும். அலமாரியில் வைப்பதாக இருந்தால் கண் மட்டத் தட்டில், பின்னால் வெளிர்நிறச் சுவர் இருக்கும்படி வையுங்கள்.