ஆர்கானிக் ஒயின்: செம்பும் கந்தகமும் எவ்வளவு வரை?

ஆர்கானிக் திராட்சைத் தோட்டத்திலும் மருந்து தெளிப்பார்கள். எதை, எவ்வளவு என்பதில்தான் கட்டுப்பாடு. ஐரோப்பிய ஒன்றிய விதிகளை வைத்துப் பார்ப்போம்.

1. நிலம்

செயற்கை உரமும் களைக்கொல்லியும் நிறுத்தி மூன்று ஆண்டு ஆன பிறகே அறுவடைக்கு ஆர்கானிக் சான்று கிடைக்கும். வரிசைகளுக்கு நடுவே பயறு வகை, பார்லி விதைத்து மண்ணிலேயே மடக்கிவிடலாம். வறண்ட ஆண்டில் சீக்கிரமே வெட்டிவிடுங்கள். கொடிக்குப் போகவேண்டிய தண்ணீரை அது குடித்துவிடும்.

2. செம்புக் கணக்கு

பலரும் சறுக்குவது இங்கேதான். இலையின் அடியில் பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தத்தை (செம்பு சல்ஃபேட்) 50 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் தொட்டியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்றி வடிகட்டி ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள்.

1 கிலோ துத்தத்தில் செம்பு சுமார் கால் கிலோ. ஹெக்டேருக்கு 400 லிட்டர் தெளித்தால் 1 கிலோ செம்பு போகிறது. அனுமதியோ ஏழு ஆண்டுக்கு மொத்தம் 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. முழு வீரியத்தில் நாலு தெளிப்பிலேயே ஓராண்டு அளவு தீர்ந்துவிடும்! அதனால் அரை சதவீதக் கலவையாக (100 லிட்டருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் தலா அரை கிலோ) தெளிப்பது நல்லது. செம்பு நோயைத் தடுக்கும், குணப்படுத்தாது. மழைக்கு முன்பே அடியுங்கள்.

3. கந்தகத் தூள்

சாம்பல் நோய்க்கு. 30 டிகிரியைத் தாண்டிய வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். அறுவடை நெருங்கியும் அடித்தால் மிச்சக் கந்தகத்தால் நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்.

4. சல்ஃபைட்

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது சல்ஃபைட்; அதைக் கந்தக டைஆக்சைடாகக் கணக்கிடுவார்கள். ஆர்கானிக்கில், உலர் (இனிப்பில்லாத) சிவப்பு ஒயினில் மொத்தம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளையில் 150 வரை போகலாம். சாதாரண ஒயினுக்கு முறையே 150, 200. சல்ஃபைட்டாகப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் தூளின் எடையில் சுமார் 57 சதவீதமே கந்தக டைஆக்சைடாகக் கிடைக்கும். 10 லிட்டருக்கு, லிட்டருக்கு 30 மில்லிகிராம் வேண்டுமென்றால் 0.53 கிராம் போடுங்கள்.

பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல்; எண் கூடினால் புளிப்பு குறைவு. பிஎச் 3.2 உள்ள ஒயினைக் காக்கப் போதுமான சல்ஃபைட், 3.6-இல் பாதிகூடக் காணாது. புளிப்பு இறங்குமுன் பழத்தைப் பறிப்பதே சல்ஃபைட்டைக் குறைக்கும் நேர்வழி.

அமெரிக்காவில் 'ஆர்கானிக் ஒயின்' என்று போட, சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் 100 மில்லிகிராம் வரைக்கும் 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்றுதான் லேபிள்.