பேட்டரியா, பெட்ரோலா? வீட்டுப் புல்தரைக்குப் புல்வெட்டும் இயந்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி

முதல் தடவை புல்வெட்டும் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் சக்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் புல்தரை எவ்வளவு பெரிது. மற்றொன்று, வெட்டாத நாட்களில் இயந்திரம் எப்படி நிற்கப் போகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் மீதி நேரமெல்லாம் அது சும்மாதான் நிற்கும். தேர்வைத் தீர்மானிப்பதில் அந்தச் சும்மா நிற்கும் நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

படி 1: புல்தரையை அளந்துகொள்ளுங்கள்

வீடு, பாதை, பாத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புல் இருக்கும் இடத்தை மட்டும் அளக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 80 அடிக்கு 50 அடி என்றால் 4,000 சதுர அடி.

இப்போது நேரம். 46 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசை இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏறித்தான் வெட்ட வேண்டும் என்பதால், உண்மையில் ஒரு நடைக்குக் கிடைப்பது 40 செ.மீ. சாவகாசமாக நடந்து, திரும்பி, மரங்களைச் சுற்றிப் போனால் 4,000 சதுர அடிக்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். இந்த நிமிடக் கணக்கைக் குறித்து வையுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இடம் 1,000 சதுர அடிக்குள், சமதளம், புல்லை வாராவாரம் வெட்டுவீர்கள் என்றால் பேட்டரி, பெட்ரோல் இரண்டுமே தேவைப்படாது. கையால் தள்ளும் உருளை வெட்டி தாராளமாகப் போதும்.

படி 2: பேட்டரி தாங்குமா என்று கணக்குப் போடுங்கள்

வோல்ட் அதிகம் என்றால் நீண்ட நேரம் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதைச் சொல்வது வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் (Ah) பெருக்கினால் அது கிடைத்துவிடும். 40 வோல்ட் என்று அச்சிட்ட பல லித்தியம் பேட்டரிகள் முழுச் சார்ஜில்தான் அந்த அளவைத் தொடும். ஓடும்போது சராசரி 36 வோல்ட். ஆகவே 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி. மோட்டார் சராசரியாக 400 வாட் இழுத்தால் 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நமது அரை மணி நேரத் தரைக்கு இது பற்றாது.

அந்த 400 வாட்டும் நிலையானது அல்ல. புல் உயரமாக, அடர்த்தியாக, ஈரமாக இருந்தால் மோட்டார் அதிகம் இழுக்கும். மழுங்கிய பிளேடும் அப்படித்தான். தானே முன்னால் நகரும் வகை இயந்திரமானால், சக்கரங்களுக்கும் அதே பேட்டரிதான் மின்சாரம் தர வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடங்கள் பெரும்பாலும் நல்ல சூழலில் கிடைப்பவை. பேட்டரியின் கொள்ளளவும் ஆண்டுகள் போகப் போகக் குறையும். அதனால் உங்களுக்குத் தேவையான நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தாங்கும் பேட்டரியை வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு பேட்டரி. விலை ஒப்பிடும்போது கூடுதல் பேட்டரியின் விலையையும் சேர்த்தே பாருங்கள், அது சின்னத் தொகை இல்லை. ஏற்கெனவே உங்களிடம் பேட்டரி டிரில்லோ வேலி கத்தரிக்கும் கருவியோ இருந்தால், அதே பேட்டரி இதற்கும் பொருந்துமா என்று பார்க்கலாம்.

படி 3: பெட்ரோல் இயந்திரம் கேட்கும் பராமரிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்ரோலின் பலம் தெளிவானது. டேங்க் காலியானால், எஞ்சின் ஆறியதும் நிரப்பிவிட்டுத் தொடரலாம். கனமான புல்லிலும் சரிவிலும் சளைக்காது.

ஆனால் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். பல எஞ்சின்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அல்லது பருவத்துக்கு ஒரு தடவை. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், ஸ்பார்க் பிளக்கையும் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் பழகினால் எளிது. உண்மையான தொல்லை டேங்கில் தேங்கிய பெட்ரோல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஒரு மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும். அப்புறம் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பசைபோல் படிந்து, அடுத்த பருவத்தில் கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் கிளம்பாது. நீண்ட நாள் நிறுத்தும் முன் பெட்ரோலை வடித்துவிடுங்கள், அல்லது பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் எரிபொருள் நிலைப்படுத்தியை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். இதைத் தவறாமல் செய்ய முடியாது என்று தோன்றினால் பெட்ரோல் உங்களுக்கு வேண்டாம்.

பேட்டரிக்கும் ஓய்வு விதி உண்டு, ஆனால் சுலபமானது: பாதி சார்ஜில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் போட வேண்டாம்.

படி 4: சத்தமும் புகையும்

பெட்ரோல் எஞ்சினை ஓட்டும்போது காது மூடி அவசியம். மூடிய அறைக்குள் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேட்டரி இயந்திரத்தில் புகை இல்லை, சத்தமும் குறைவு. பக்கத்து வீடு ஒட்டியிருந்தால் இது பெரிய விஷயம்.

படி 5: முடிவெடுங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் வெட்டி முடிக்கிற தரைக்கு நான் பேட்டரியைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லாமல். இடம் அதைவிட மிகப் பெரிதாக இருந்தாலோ, புல்லை முழங்கால் வரை வளரவிட்டு வெட்டும் வழக்கமானாலோ, சார்ஜ் போட வசதி இல்லாவிட்டாலோ பெட்ரோல். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால், இன்னொரு பேட்டரியின் விலையைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 6: முதல் தடவை வெட்டும் முன்

கல், குச்சி, பொம்மைகளைப் பொறுக்கிவிடுங்கள். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு பக்கம் கை கொண்டுபோகும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் வகையானால் ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிடுங்கள். அதைச் சாய்க்க வேண்டியிருந்தால் காற்று வடிகட்டி மேல்பக்கம் வரும்படி சாயுங்கள், இல்லாவிட்டால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். வெட்டும் உயரத்தை முதலில் அதிகமாகவே வையுங்கள். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், மீதியைச் சில நாள் கழித்து வெட்டிக்கொள்ளுங்கள்.